வீ போட்டால் வூடு

‘வீ’ எழுத்தட்டையைத் தூக்கிக் காட்டினேன். எழுத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டுப் படம். ஒன்றாம் வகுப்பு முழுக்க ஒரே குரலில், “வூ... வூடு” என்றது. சரி என்று வீணை அட்டையைக் காட்டினால், “கிட்டாரு டீச்சர்” என்கிறார்கள். தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் யார் வீட்டில் வீணை இருக்கிறது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என்னையும் இந்த ‘வூ’ படுத்தியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் நான் இப்படிப் படித்ததற்கு, கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார்.

“வீட்ல நல்ல தமிழ் பேசுங்கம்மா. அப்பதான் புள்ள படிக்கும்.”

கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறலோடு நின்ற அம்மா, “செரிங்க சார்” என்றாள்.

சாயங்காலம் உண்மையாகவே முயன்றாள். “வீ...ட்டுக்குள்ள வா, சோறு துன்னலாம்” என்று என்னைக் கூப்பிட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னா ரோதன இது? பொழுதுக்கும் கரும்பு வெட்டிக்கினு வந்து, எங்கூட்டுக்கே நான் வேற பேரு வெக்கணுமா? த பாரு, வாத்தியாருக்கு வீடுன்னு சொல்லு. எனக்கு வூடுன்னு சொல்லு. ரெண்டு பேரையும் வுட்டுடாத.”

மறுநாள் வகுப்பில் சரியாகப் படித்தேன்.

இப்போது வீணை அட்டையை வைத்துவிட்டு, வீட்டுப் படத்தையே மறுபடி எடுத்தேன். “இத உங்கம்மா இன்னான்னு சொல்லுவாங்க?”

“வூடு.”

“டிவியில?”

முன்னால் உட்கார்ந்திருந்த சங்கீதா சலித்துக்கொண்டாள். “வீடு. மொதல்லியே இப்டிக் கேக்க வேண்டியதுதான டீச்சர்?”