இருபத்தாறு பாகம் ஆழம்

எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பெருமைக்காகச் சொல்லவில்லை. படகில் என்னோடு வேலை செய்த எல்லாரும் ஒரு தடவையாவது என்னிடம் அறை வாங்கியிருக்கிறார்கள். அதிகம் வாங்கியவன் என் மனைவியின் தம்பி.

அவன் கடலுக்கு வர வேண்டியவனே அல்ல. நாகர்கோவிலில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், என் பேச்சைக் கேட்டு மீன்பிடி விசாவில் பஹ்ரைனுக்கு வந்தான். குதைபியாவில் நாங்கள் தங்கியிருந்த ரூமில் படுத்துக்கொண்டு ஓயாமல் போர் விமான வீடியோக்கள் பார்ப்பான். அப்போது விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று வளைகுடாவுக்கு வந்திருந்தது. அதிலிருந்து கிளம்பும் விமானங்கள் எங்கள் படகுக்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும். வயிற்றில் இருக்கும் கஞ்சி குலுங்கும்.

“அத்தான், அந்தா போறது குண்டு போடுற பிளேன் இல்ல. றெக்கைக்குக் கீழ பெட்டி பெட்டியா தொங்குதுல்லா? அதுலேருந்து அலையை அள்ளிக் கொட்டும். எதிரியோட ரேடாருக்குக் கண்ணு தெரியாது, வயர்லெஸ்ஸுக்குக் காது கேக்காது. எவனாவது ரேடாரைப் போட்டான்னு வையுங்க, அந்த அலையைப் புடிச்சே ராக்கெட் போயி அவன் தலையில எறங்கும்.”

“நம்ம தலையில எறங்காம இருந்தா சரி. கயித்தைப் புடில.”

எங்கள் தொழில் கம்பிக்கூடு. கம்பியால் பின்னிய பெரிய கூடுகளைக் கடலடியில் இறக்கிவிட்டு, நாலு நாள் கழித்துப் போய்த் தூக்குவோம். மிதவை கட்ட மாட்டோம். கட்டினால் அடுத்த படகுக்காரன் கூட்டோடு கிளப்பிக்கொண்டு போய்விடுவான். இறக்கிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் பாயின்ட்டாகப் போட்டு வைப்போம். பிறகு அதே பாயின்ட்டில் நின்று கொக்கி வீசி இழுப்போம். என் பாயின்ட்டுகளை மச்சினனுக்குக்கூடக் காட்ட மாட்டேன். அந்த மெஷினை நான் பொண்டாட்டியைவிட அதிகமாக நம்பினேன்.

அன்று காலை கடலெல்லாம் தூசு மூட்டம். கரை தெரியவில்லை. படகில் நானும் அவனும் வங்காளதேசத்துக்காரர் ஒருவரும். அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். இரண்டு விமானங்கள் போன சத்தம் அடங்குவதற்குள் ஜிபிஎஸ் எங்களைத் திரையில் கொண்டுபோய் ஏர்போர்ட் ரன்வேயில் நிறுத்தியது. நான் அதைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன். சிறிது நேரத்தில் கடலுக்குள் திரும்பியது. முதல் கூடு வடக்கே ஏழு மைல் என்றது. வயர்லெஸ்ஸில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற இரைச்சல் மட்டும். வேறு படகு எதையும் கூப்பிட முடியவில்லை. நான் வடக்கே விட்டேன்.

அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஆழம் காட்டும் பெட்டியின் முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். அது பாகக் கணக்கில் காட்டும்; ஒரு பாகம் ஆறடி.

“அத்தான், படகைத் திருப்புங்க. நம்ம கூடு கெடக்கது பன்னெண்டு பாகத்துல. இது இருபத்தாறு பாகம் காட்டுது.”

“அந்தப் பெட்டி பழசுல. ஜிபிஎஸ் போன மாசம் வாங்குனது.”

“பழசுன்னாலும் அது தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி அளக்கது. ஆகாயத்துலேருந்து அதைக் கெடுக்க முடியாது. ஜிபிஎஸ் அப்படி இல்ல. கெடுத்தது அந்தப் பிளேனோ, கரையில இருக்கவனோ, எனக்குத் தெரியாது. ஆனா கெட்டுப்போச்சு. நாம லைனைத் தாண்டிட்டோம்.”

லைன் என்றால் பக்கத்து நாட்டோடு உள்ள கடல் எல்லை. தாண்டினால் ஜெயில், இல்லாவிட்டால் குண்டு.

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. நாகுதா நான், படகுக்குத் தலைவன். பாயின் முன்னால் நேற்று வந்த பயல் எனக்கு வழி சொல்கிறான். ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். அப்படியும் அவன் விடாமல் ஸ்டியரிங்கில் கை வைத்தான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். அடுக்கி வைத்திருந்த கூடுகளின் மேல் போய் விழுந்தான், கம்பி காதைக் கிழித்தது. காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மூட்டத்துக்குள்ளிருந்து மறுபக்கத்து ரோந்துப் படகு வந்தது. முன்னால் ஒருவன் வாயைத் திறந்து கத்தினான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸிலும் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். எங்கள் வயர்லெஸ் பொரிந்துகொண்டே இருந்தது. அவர்களுடைய ரேடாரும் குருடாகித்தான் இருந்திருக்கும். பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. முதல் சூடு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதில் கேபின் கண்ணாடி என் மூஞ்சியில் சிதறியது. எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவன்தான் ஓடி வந்து எஞ்சினை அணைத்தான். நிமிர்ந்தபோது அடுத்த சூடு அவன் கழுத்தில் பட்டது.

பாய் பனியனைக் கழற்றி ஆட்டிக்கொண்டே அழுதார். நான் அவன் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்தினேன். விரலிடுக்கில் ரத்தம் பொங்கிப் பொங்கி வந்தது. அவன் என்னையே பார்த்தான். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர்கள் கயிறு வீசி எங்கள் படகைக் கட்டுவதற்குள் அடங்கிவிட்டான். ஜிபிஎஸ் மட்டும் உடையாமல், முதல் கூடு இன்னும் இரண்டு மைல் என்று காட்டிக்கொண்டிருந்தது.

அவன் உடல் எனக்கு முன்னால் ஊருக்குப் போனது. நான் அங்கே ஜெயிலில் கிடந்தேன். மூன்றாம் மாதம்தான் வீட்டுக்குப் பேச போன் கொடுத்தார்கள். என் மனைவி முதலில் அழுதாள். பிளேன் வந்து ஜிபிஎஸ் கெட்டதால் லைனைத் தாண்டினோம் என்று மட்டும் சொன்னேன். பிறகு தம்பியைத் திட்டத் தொடங்கினாள்.

“அந்தப் பிளேனைப் பத்தி எங்கிட்ட மணிக்கணக்கா பேசுவானே. எல்லாம் தெரிஞ்சவன், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயைப் பொத்திட்டு இருந்து அவனும் செத்து, உங்களையும் ஜெயில்ல போட்டுட்டானே பாவி.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் சொல்லவில்லை என்றுதான் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.