அமெரிக்கா தீய்ந்த ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்கர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் சாப்பிடப் போகிறார் என்று அப்பா அறிவித்தபோது, அம்மா அவருடைய பெயரைக் கேட்கவில்லை. "அரிசிக்கு என்ன பண்றது?" என்றுதான் கேட்டாள்.

அறுபதுகளின் நடுவில், மழை ஏமாற்றிய காலம் அது. பம்பாயில், மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. ரேஷன் கடையில் அரிசியைக் கண்ணில் காட்டுவார்கள், அவ்வளவுதான். பை நிறையப் போடுவது கோதுமை. அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. அம்மாவுக்கோ சோறு வடிக்கத் தெரியுமே தவிர சப்பாத்தி கைவரவே இல்லை. அவள் இடுவது வட்டமாகவும் இருக்காது, சதுரமாகவும் இருக்காது. கடிக்கும்போது காதுவரை வலிக்கும். எங்கள் வீட்டில் அதைச் சப்பாத்தி என்று யாரும் சொல்வதில்லை. "ராத்திரிக்கு என்னம்மா?" என்று கேட்டால் "அமெரிக்காதான்" என்று பதில் வரும். தம்பி அழுதால், "அரை அமெரிக்காவாவது தின்னுட்டுப் படு" என்பாள்.

தப்பு அப்பாவுடையது. அவருடைய கம்பெனிக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்திருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்தவர்தான் இந்த மனிதர். ஹோட்டல் ரொட்டி அலுத்துப்போய், "நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அரிசிச் சோறு என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். நம்மில் அப்படிச் சொன்னால், கேட்டவர் "அதற்கென்ன, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார். மரியாதை இரண்டு பக்கமும் சரியாகிவிடும். அந்த மனிதர் "எந்த நாள்?" என்று கேட்டுவிட்டார்.

"விருந்துக்குன்னு கூப்பிட்டுட்டு சப்பாத்தி போட முடியுமா? அவா ஊர்க் கோதுமையை அவாளுக்கே பரிமாறினா நம்ம மானம் என்னாறது?" என்றார் அப்பா.

பொருளாதாரம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கே விலை ஒசத்தியோ அங்கே சரக்கு தானா வந்து சேரும், மன்னி. அதான் மார்க்கெட்" என்றார்.

"அப்போ வரட்டும். வாசக்கதவைத் தொறந்து வெக்கறேன்" என்றாள் அம்மா.

கடைசியில் சரக்கைக் கொண்டுவரச் சித்தப்பாதான் போக வேண்டியிருந்தது. கல்யாணுக்கு அப்பால் உல்லாஸ்நகரில் அரிசி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அதைப் பம்பாய் எல்லைக்குள் கொண்டுவந்தால் குற்றம். சித்தப்பா ஒரு தலையணை உறையில் அரிசியைக் கொட்டி, மேலே கொஞ்சம் பஞ்சை வைத்துத் தைத்துக்கொண்டு லோக்கல் வண்டி ஏறினார். காட்கோபரில் ஒரு போலீஸ்காரர் ஏறி நேர் எதிரே உட்கார்ந்தார். சித்தப்பாவுக்கு வேறு வழி தோன்றவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துத் தூங்குவதுபோல் பாவனை செய்தார். போலீஸ்காரர் இறங்குவதாக இல்லை. மாதுங்கா வந்தது, போனது. தாதரும் போனது. கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் தூங்கிவிட்டு, அதே தலையணையோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றபோது அவருடைய இடது கன்னம் முழுக்க அரிசி பதிந்த தடம்.

"நல்ல பச்சரிசியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, கன்னத்தைப் பார்த்தே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குக் கட்டளைகள் போட்டார்கள். விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் நமக்கு. சோறு வேண்டும் என்று கேட்கக் கூடாது. கோதுமை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. சமையலறை வாசலில் திரையாகத் தொங்கிய கோதுமைச் சாக்கில் அவர்கள் நாட்டு முத்திரை இருந்ததால், அதைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார்கள். திரை போனதும் கூடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வந்தார். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, அதற்காக நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னார். தரையில் உட்கார்ந்த பிறகு கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒன்றை மேஜைக்கு அடியிலும் மற்றதை அப்பாவின் பக்கமும் நீட்டினார். மாடிவீட்டு மாமி, உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். முழங்கை வரை வழிந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், மூன்றாம் தடவையும். அம்மாவின் முகத்தில் பெருமையும் கலவரமும் மாறி மாறி வந்தன. நான் உள்ளே தம்பிக்குக் காவல். எங்களுக்காகக் கல்லில் ஒன்று வெந்துகொண்டிருந்தது. அதை மறந்து அம்மா கூடத்தில் நிற்க, புகை கிளம்பியது. கட்டளைகளை நான் மறக்கவில்லை. கோதுமை என்றோ சோறு என்றோ சொல்லவில்லை.

"அம்மா! அமெரிக்கா தீயறது!" என்று கத்தினேன்.

அந்த ஒரு சொல் அவருக்குப் புரிந்துவிட்டது. பிசைவதை நிறுத்தி, சித்தப்பாவைப் பார்த்தார். அமெரிக்கா பிரகாசிக்கிறது என்று குழந்தை சொல்வதாகச் சித்தப்பா இங்கிலீஷில் சொன்னார். அதற்குள் புகை கூடத்துக்கே வந்துவிட்டது. மனிதர் எச்சில் கையோடு எழுந்து, தீயை அணைக்கிற வேகத்தில் சமையலறைக்குள் நுழைந்தார்.

உள்ளே கருகிய அமெரிக்கா ஒன்று. எங்கள் தட்டுகளில் கருகாத அமெரிக்கா ஆளுக்கொன்று, தொட்டுக்கொள்ள வெல்லம். பக்கத்தில் முறத்தில் புடைத்து வைத்த கோதுமை. அவர் இடது கையால் நாலு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றார். தன் அப்பா பயிரிடுவதும் இதேதான் என்றார். பிறகு சொன்னதைச் சித்தப்பா மொழிபெயர்த்தார். அவர்கள் ஊரில் கோதுமை அளவுக்கு மீறி விளைகிறதாம். விலை விழுந்துவிடக் கூடாது என்று, நிலத்தில் ஒரு பகுதியை விதைக்காமல் போட்டுவைக்கச் சர்க்கார் அவருடைய அப்பாவுக்குப் பணம் கொடுக்கிறதாம்.

அம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சரியாக் கேட்டியா? விதைக்கறதுக்கா, விதைக்காம இருக்கறதுக்கா?" என்றாள் அம்மா.

சித்தப்பா மறுபடி கேட்டார். விதைக்காமல் இருக்கத்தான்.

"என் தம்பியும் ஆபீஸ்ல ஒரு வேலையும் பண்றதில்லை, சம்பளம் வரது. அந்த மாதிரியா இருக்கும்" என்றாள் மாடிவீட்டு மாமி.

அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. அவள் முகம் இளகிவிட்டது. "பாவம், நிலம் தரிசாப் போயிடுத்து போலிருக்கு. வெளில சொல்ல வெக்கம். அதான் சர்க்கார் காசு தரதுன்னு சொல்லிண்டு திரியறா. நன்னாயிருப்பான்னு சொல்லு" என்றாள். இதை மட்டும் சித்தப்பா மொழிபெயர்க்கவில்லை.

அவர் எங்கள் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்தார். அடுத்து ரசம் சாதம். அம்மா மீதிச் சோற்றைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். அவர் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மறைத்துக்கொண்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றார். அம்மா விடவில்லை, அப்பா வற்புறுத்தினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் விரலை நீட்டி, "அமெரிக்கா" என்றார். அம்மா கூசிக்கொண்டே ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அதைக் காது வலிக்க மென்று, மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.

அவருடைய டாக்ஸி தெருமுனையில் திரும்பியதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு ஆசையாய்ச் சாப்பிட்டவர் திடீரென்று ஏன் நிறுத்தினார் என்று அவளுக்கு விளங்கவில்லை. சாம்பாரை நக்கிப் பார்த்து, உப்பு கூடிவிட்டது என்று தீர்மானித்தாள்.

அந்த மீதிச் சோறு எனக்கும் தம்பிக்கும் வந்தது. ரசம் விட்டுப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு கூடியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று தம்பியின் காதில் சொன்னேன். துரை ஏமாந்துவிட்டார் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.