மேலே யார் வீடு

என் கல்யாணப் பத்திரிகையை நானே செய்தேன். அச்சடித்தது இல்லை, இணையப் பக்கம். ஊரார் வியாபாரத்துக்கெல்லாம் பக்கம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சொந்தக் கல்யாணம் என்றால் கை சும்மா இருக்குமா?

எங்கள் ஊர்ப்பக்கம் பெண் வீட்டார் ஒரு பத்திரிகை அடிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறொன்று அடிப்பார்கள். அவரவர் பத்திரிகையில் அவரவர் வீடு முதலில் வரும், யாருக்கும் குறையில்லை. நான்தான் பெரிய புதுமைக்காரியாக, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பக்கம் போதும் என்றேன். மூன்று பத்திகள் வைத்தேன். இடப்பக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், நடுவில் எங்கள் படம், முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி, வண்டி நிறுத்தும் இடம். போத்தனூரில் எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டியபோது ரெண்டு வீட்டுப் பெயர்களும் ஒரே உயரத்தில் சரிசமமாக நின்றன. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். என் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் டிவியில் யார் பத்திரிகை பார்க்கிறார்கள்? வாட்ஸப்பில் லிங்க் போன மறுநாள் காலையில் காரமடையிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். இன்றைக்கு என் கணவராக இருக்கும் இவர்தான்.

"பெரியப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேங்கறார். பத்திரிகையப் போன்ல பார்த்ததுல இருந்து யாருகிட்டயும் பேசலை."

இவர் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இவருடைய அப்பா இறந்துவிட்டார். அதன்பின் வளர்த்ததும், படிக்க வைத்ததும், என்னைப் பெண் பார்க்க அழைத்து வந்ததும் பெரியப்பாதான். மணவறையில் அப்பாவின் இடத்தில் நிற்க வேண்டியவரும் அவரே. அவர் இல்லாமல் தாலி கட்ட இவருக்குக் கை வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பயந்துபோனேன்.

போனில் பக்கத்தைத் திறந்தேன். அந்தச் சின்னத் திரையில் மூன்று பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடமேது? ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிட்டன. எங்கள் வீடு மேலே, பிறகு நடுப்பத்தி, கடைசியில் அவர்கள் வீடு. இதை நான் முன்பே போனில் பார்த்திருந்தேன். எழுத்து வெட்டுப்படுகிறதா, படம் நெளிகிறதா என்று மட்டும் பார்த்தேன். எங்கள் வீடு மேலே இருந்தால் என் கண்ணை எதற்கு உறுத்தப் போகிறது!

பயம் போய் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தன் பெயர் கீழே போனதற்காக, வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கே ஒரு மனிதர் வராமல் இருப்பாரா? மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பெரிய திரையில் இருப்பது அப்படியே இருக்கட்டும், போனில் மட்டும் வலப்பத்தி முதலில் வரட்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம பேரைக் கீழ எறக்கிப்போட்டீன்னா, நம்ம சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது கண்ணு?"

அந்தப் பக்கம் ஒரு முறுக்கு, இந்தப் பக்கம் ஒரு முறுக்கு. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காரமடை பஸ் ஏறிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கலாமா என்று அம்மா முனகியதைக் காதில் வாங்கவே இல்லை.

பஸ் நின்ற இடத்தில் இவர் காத்திருந்து என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பெரியப்பா கறிவேப்பிலைக் கட்டுகளை வேனில் ஏற்றிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க அம்மணி" என்று எழுந்தார். வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்ததால் எனக்கு நிதானமில்லை.

"மாமா, உங்க பேரு மேல வரணும்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. இதுக்குப் போயி வரமாட்டேன்னா எப்படிங்க?"

"என்ற பேருங்களா?" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எழுத்தைப் பெரிதாக வைத்திருந்ததால் பக்கம் இன்னும் நீண்டிருந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனார். என் மாமன்மார் போனார்கள், எங்கள் படம் போனது, மண்டபத்து வழி போனது. 'வாகனங்களை மண்டபத்தின் பின்புறம் நிறுத்தவும்' என்ற வரி வந்ததும் விரல் நின்றது. அதற்குக் கீழே இவருடைய அப்பாவின் பெயர்.

"என்ற தம்பி பேரைப் பாருங்க அம்மணி. வண்டி நிறுத்தற எடத்துக்குக் கீழ கெடக்குது. அவன் இருந்திருந்தா மணவறைல மொத ஆளா நின்னிருப்பான். இப்ப பேரு ஒண்ணுதான் மிச்சம். அதைய இப்படிப் பார்த்துப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவன் எடத்துல போயி நிக்கறதுங்க?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கட்டிலிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். போனில் பார்த்தால் இவர்கள் வீடு முதலில், அதிலும் இவருடைய அப்பாவின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே. அடுத்து எங்கள் வீடு. படம், வழி, வண்டி எல்லாம் அதற்கப்புறம். பெரியப்பாவின் பெயரை எங்கே வைக்கட்டும் என்று கேட்டதற்கு, "எங்கியோ ஒரு மூலைல இருந்துட்டுப் போறேன், உடுங்க" என்றார்.

அவர் போனில் பக்கத்தை மறுபடி திறந்து கொடுத்தேன். தம்பியின் பெயரைக் கட்டைவிரலால் தடவப் பார்த்தார், பக்கம் ஓடிவிட்டது. திரும்ப மேலே இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"வாரேன் அம்மணி. மொத ஆளா வாரேன்."

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எனக்கு உடம்பில் இருந்த கனமெல்லாம் இறங்கிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் வெட்கமே இல்லாமல் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சோறு தின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா கூப்பிட்டார். பார்த்துவிட்டார் என்று புரிந்தது.

"கண்ணு, மாப்ள ஊட்டுப் பேரு மேல வந்துருச்சாட்ட இருக்குது?"

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அப்பா ஒன்றை மட்டும் கேட்டார்.

"மேல இருக்கறது மாப்ளயோட அப்பா பேருதானா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப அப்படியே இருக்கட்டும் உடு. நான் உசுரோட மண்டபத்து வாசல்லயே நிக்கப்போறேன். வாரவிங்க என்னைய நேர்லயே பார்த்துக்குவாங்க."