தம்பிக்குக் கொடுத்த தண்ணீர்

என் சித்தி ரிட்சுகோ நாகசாகியில் சுற்றுலா பஸ் வழிகாட்டி. வெள்ளைக் கையுறை, சின்னத் தொப்பி, கையில் மஞ்சள் கொடி. மேட்டுத் தெருவில் வெளியூர்க்காரர்கள் மூச்சு வாங்கி நின்றால், "மெதுவா வாங்க, மலை எங்கயும் ஓடிப்போகாது" என்பாள். பஸ்ஸில் பாட்டும் பாடுவாள். பாட்டு சுமார்தான்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது, அமைதிப் பூங்காவின் நீரூற்றுக்கு முன்னால் அவள் சொல்லும் கதை. அணுகுண்டு விழுந்தபோது என் அம்மா தொமியேவுக்கு ஒன்பது வயது. உடம்பெல்லாம் வெந்துபோன தம்பி இசாவோ தண்ணீர் கேட்டான். அம்மா ஓடைக்கு ஓடி, இரண்டு கையிலும் ஏந்தி வந்து புகட்டினாள். குடித்துவிட்டுச் சிரித்தபடியே கண்ணை மூடினான். சித்தி போருக்குப் பிறகு பிறந்தவள். தாத்தா சொல்லித்தான் அவளுக்கு இது தெரியும். கேட்டவர்கள் கண்ணைத் துடைக்காமல் பஸ் ஏறியதில்லை.

குண்டு விழுந்து முப்பத்தைந்து வருடம் ஆன இந்த ஆகஸ்டில் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து அதைச் சொல்லும்படி சித்தியைக் கேட்டிருந்தார்கள். ஆனால் அம்மா ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. எப்போது கூப்பிட்டாலும், "நூடுல்ஸ் கடையை யார் பாத்துக்கறது? நீயா?" என்று தட்டிக் கழிப்பாள்.

"இது உன் கதை அக்கா. நீ வந்து கேட்டுச் சரின்னு சொல்லணும். இல்லன்னா இனிமே எங்கயும் சொல்ல மாட்டேன்" என்று சித்தி ஒரே பிடிவாதமாக நின்றாள். கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் அம்மா கிளம்பினாள். பள்ளி முடித்து, ஒரு வேலையிலும் ஒட்டாமல் திரிந்துகொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டாள்.

காலையில் அம்மா உற்சாகமாகத்தான் இருந்தாள். சித்தி பாட எழுந்ததுமே, "டிரைவர், கதவைத் திறங்க! குதிக்கிறவங்க இப்பவே குதிச்சுக்கட்டும்" என்றாள்.

"அது எங்க அக்கா. ஓசியில வந்தவங்களுக்கு வாய் நீளம்" என்றாள் சித்தி. பஸ்ஸே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் முன் சீட்டில் ஓலைத் தொப்பியோடு இருந்த, அம்மா வயதுப் பெண் ஒருத்தி. பழைய தேவாலயத்தைப் பார்த்தோம், கல் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டோம். அம்மா கேக் வாங்கி எல்லோருக்கும் நீட்டினாள்.

பிறகு பூங்கா. சித்தி கதையைச் சொன்னாள். முடித்ததும் அவள் கண் அம்மாவைத் தேடியது. அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இதையா ரிட்சு தினமும் சொல்றே?"

"ஆமாக்கா. எதாவது தப்பா?"

"தண்ணி குடுக்காதே, குடுத்தா செத்துடுவான்னு பெரியவங்க அத்தனை பேரும் கத்தினாங்க. நான் கேக்கலை. குடுத்தேன். உடனே செத்துட்டான். நான் அவனைக் கொன்னதை நீ கொடி பிடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கியா?"

சித்தியின் கொடி கீழே விழுந்தது. தினமும் விடிந்ததும் வீட்டுப் பூஜை மாடத்தில் இசாவோ மாமாவுக்காக அம்மா வைக்கும் தண்ணீரைப் பாசம் என்றே நினைத்திருந்தேன். இத்தனை வருடமாக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளா?

"அக்கா, அது தண்ணியால இல்ல. அவ்வளவு காயத்துக்கு எப்படியும்..."

"பின்னாடி ஒரு டாக்டரும் அதான் சொன்னார். தெரிஞ்சு என்ன பண்றது?"

"இனிமே சொல்லவே மாட்டேங்கா" என்று சித்தி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது ஓலைத் தொப்பிக்காரப் பெண் தொப்பியைக் கழற்றி அம்மாவின் முன் குனிந்தாள். காலையில் அப்படிச் சிரித்தவள் இவள்தானா என்று இருந்தது.

"நானும் இந்தப் பக்கத்துல பொறந்தவதாம்மா. அன்னிக்கு என் தங்கச்சியும் தண்ணி கேட்டா. நான் பெரியவங்க பேச்சைக் கேட்டேன். குடுக்கலை."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அவளும் போயிட்டா. கேட்டுக்கிட்டே போயிட்டா."

அம்மா அறை வாங்கியவள்போல அவளையே பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தாள்.

திரும்பும்போது யாரும் பாட்டுக் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கியதும் அம்மா சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லு. பெரியவங்க கத்தினதையும் சேர்த்துச் சொல்லு."

சித்தி தலையாட்டினாள்.

"ஆனா சிரிச்சான்னு மட்டும் சொல்லாதே, ரிட்சு. அவன் சிரிக்கலை. சிரிக்கறதுக்கு அவனுக்கு முகமே இல்லை."