ஹீட்டர் வண்டியில் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு

யுத்தம் முடிந்த மறு வருஷம், மார்கழி மாதம். காட்பாடிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நூறு வெள்ளைக் கோழிக்குஞ்சுகள் வாங்கிக்கொண்டு ரயிலில் அரியலூர் வந்து இறங்கினேன். அங்கிருந்து பெரம்பலூர் பத்தொன்பது மைல். பஸ்ஸில் பத்தணா. நான் பதினெட்டு ரூபாய் கொடுத்துத் தனி வண்டி பேசியிருந்தேன். அந்த வண்டியில் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னார்கள். அதற்காகத்தான் பதினெட்டு ரூபாய்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். சூடு இல்லாமல் தாங்காது. குளிர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். இதைப் பண்ணையில் எனக்கு நன்றாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பார்த்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நான் கோழி வளர்க்கப் போகிறேன் என்று பெரம்பலூரே சிரித்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் எனக்குக் ‘கோழி டீச்சர்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. இந்தக் குஞ்சுகள் செத்தால் நான் திரும்பிப் போய் நிற்க இடம் கிடையாது. வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் சோமசுந்தரம். பெரம்பலூரில் லாரி ஷெட் வைத்திருப்பவர். பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்து வாடகைக்கு விட்டார். நான் வண்டி பேசப் போன அன்று, “முன்சீட்டுல உக்காந்தா கம்பளியே வேணாம் டீச்சரம்மா. பனி தேசத்துக்குன்னு வெள்ளைக்காரன் செஞ்ச வண்டி. மார்கழியில வேர்க்கும்” என்றார். நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

காலை ஐந்து மணிக்கு ரயில் நின்றது. பனி என்றால் பனி, ஸ்டேஷன் விளக்கு பத்தடி தள்ளித் தெரியவில்லை. நான்கு அட்டைப்பெட்டிகளையும் நானே இறக்கினேன். உள்ளே குஞ்சுகள் மெதுவாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அது நல்ல சத்தம். வெளியே வண்டி நின்றது. முன்சீட்டில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

“யார் இது?” என்று டிரைவர் காசிம் பாயைக் கேட்டேன்.

“நம்ம நடேசன்மா. கொத்தமல்லித் தரகர். பெரம்பலூருக்குத்தான் வர்றாரு, இங்க ஏத்திக்கிட்டேன். பெட்டியைப் பின்னால வெச்சுக்கலாங்க.”

பின்னால் கதவே இல்லை. ஒரு கிழிந்த படுதா ஆடிக்கொண்டிருந்தது.

“ஹீட்டர் எங்கே இருக்கு? முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னாலதாங்க.”

“அப்ப குஞ்சு முன்னால. கொத்தமல்லி பின்னால.”

நடேசன் சிரித்தார். “கோழிக்கு ஹீட்டரா? மனுசனைவிடக் குஞ்சுக்கு மவுசு வந்துடுச்சு பாய்!”

“வாடகை கொடுத்தது நான். இறங்குங்க” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய்த் தன் கொத்தமல்லி மூட்டை மேல் உட்கார்ந்தார். இரண்டு பெட்டி சீட்டில், ஒன்று மடியில், ஒன்று காலடியில் ஹீட்டருக்கு நேராக. ஐந்தரைக்குப் புறப்பட்டோம்.

காசிம் பாய் ஒரு பொத்தானைத் திருகினார். காலடியில் விசிறி உறுமியது. காற்று வந்தது. குளிர்ந்த காற்று.

“எஞ்சின் சூடாவட்டும்மா. தன்னால வரும்.”

ஊர் தாண்டி மூன்று மைல் போனோம். ஐந்து மைல் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு, பனிக்குள் பருத்திச் செடிகள் கறுப்பாக நின்றன. வந்தது அதே காற்றுதான். போதாததற்குக் கியர்க் கம்பியைச் சுற்றியிருந்த தோல் கிழிந்து, தரையிலிருந்து வாடைக்காற்று ஏறியது. என் கால் மரத்துவிட்டது. குஞ்சுகளின் சத்தம் மாறியது. மெல்லிய கீச்சு போய், ஊசியாய்க் குத்துகிற அலறல் வந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன.

“வண்டியை நிறுத்துங்க” என்றேன். சித்தளிக்கு முன்னால் ஒரு குட்டை ஓரம் நிறுத்தினார்.

முதலில் அந்த விசிறியை அணைக்கச் சொன்னேன். குளிர் காற்றை ஊதுவதற்கு அது எதற்கு? கிழிந்த தோலைச் சுற்றி என் சால்வையைத் திணித்தேன். காசிம் பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். தண்ணீர் எட்டவில்லை.

“தண்ணி கொறைஞ்சிருந்தா ஹீட்டருக்கு ஏறாதும்மா.”

“இதைப் புறப்படறதுக்கு முன்னால பார்க்கக் கூடாதா?”

காசிம் பாய் குட்டையிலிருந்து இரண்டு டின் தண்ணீர் ஊற்றினார். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் போகின்றன. ஒன்றில் சுடுதண்ணீர் உள்ளே போகும், மற்றதில் திரும்பி வரும். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் சில்லென்று இருந்தன. போகிற வழியில் ஒரு சின்னக் குழாய்த்திருகு, துருப்பிடித்து மூடியே கிடந்தது.

“இது யார் மூடினது?”

“போன சித்திரையில மொதலாளி மூடச் சொன்னாருங்க. உள்ள அனலா அடிக்குதுன்னு.”

“அப்புறம் திறக்கவே இல்லையா?”

“யாரும் கேக்கலியேம்மா.”

இடுக்கியால் திருகித் திறந்தார். ஒரு குழாய் இளஞ்சூடானது, மற்றது ஆகவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று திரும்பி வரும் குழாயின் வளையத்தைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் துப்பியது. இறுக்கினார். இப்போது இரண்டு குழாயும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே மாதிரி வெதுவெதுப்பாக, கை கழுவிய தண்ணீர் மாதிரி.

“இவ்வளவுதான் சூடா?”

காசிம் பாய் தலையைச் சொறிந்தார். “எஞ்சினே சூடாவலைம்மா. தெர்மாஸ்டாட் இல்லல்ல.”

“அது என்ன?”

“பித்தளையில சின்னக் கதவு மாதிரிங்க. எஞ்சின் சூடாவுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. சூடானதும் வாயைத் திறக்கும். வெந்நீர்ல போட்டா நம்ம கண்ணு முன்னாலயே திறக்குங்க. பட்டாளத்துல பாத்திருக்கேன்.”

“அது எங்கே?”

“கழட்டியாச்சு. எல்லா வண்டியிலயும் கழட்டிடுவோம். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கும்மா?”

“தெரிஞ்சே கழட்டினீங்க. தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டி வந்தீங்க.”

“மொதலாளி சொன்னாரு…”

அப்போது ஒன்றைக் கவனித்தேன். காலடிப் பெட்டியில் அலறல் நின்றுபோயிருந்தது. அலறுகிறவரை உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நின்றதும் காசிம் பாயின் பக்கம் திரும்பினேன்.

“எஞ்சினைச் சூடாக்க வழி சொல்லுங்க, இப்பவே.”

“ரேடியேட்டர் முகத்தை மூடணுங்க. காத்துப் படாம. கனமா ஒரு சாக்கு இருந்தா…”

நான் பின்னால் போனேன். நடேசன் மூட்டை மேல் அசைந்துகொடுக்காமல் இருந்தார்.

“எழுந்திருங்க. சாக்கு வேணும்.”

“உள்ள சாமான் இருக்கு டீச்சர். எங்க கொட்டுறது?”

“வண்டியில கொட்டுங்க. உங்க மடியில கொட்டுங்க.”

“இது என்ன அநியாயம்! ஓசிச் சவாரிக்கு இவ்வளவா?”

“ஆமாம், இவ்வளவுதான்.” வாய்க் கட்டை நானே அவிழ்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். மரத்தரை முழுவதும் கொத்தமல்லி ஓடியது. அவர் போட்ட சத்தத்தில் குட்டையிலிருந்து கொக்குகள் எழும்பின. சாக்கை இரண்டாக மடித்து ரேடியேட்டரின் முன்னால் கம்பியால் கட்டினோம்.

பேரளி வருவதற்குள் சூடு வந்தது. நிஜமான சூடு. ரேடியேட்டர் சூட்டில் வெந்த சாக்கு, ரசம் கொதிக்கிற மாதிரி மணந்தது. நான் பெட்டிகளை மாற்றி மாற்றி ஹீட்டரின் முன் வைத்தேன். குவியலைக் கையால் கலைத்துவிட்டேன். விறைத்துப்போன குஞ்சுகளை எடுத்து உள்ளங்கையில் பொத்தி ஊதினேன். சில எழுந்தன. சில எழவில்லை.

கவுல்பாளையம் அருகே ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது.

“சாக்கை எடுத்துடலாம்மா. எஞ்சின் வெந்துபோயிடும்.”

“வேகட்டும்.”

“மொதலாளி என்னைக் கொன்னுடுவாரு!”

“அவரை நான் பார்த்துக்கறேன். பாதிச் சாக்கை மடிச்சு விடுங்க. எடுக்கக் கூடாது.”

பாதியை மடித்துவிட்டார். ஆவி அடங்கியது. சூடு குறையவில்லை. பின்னாலிருந்து நடேசன், “பாய், இங்கயும் ஒரு ஹீட்டர் போடு, என் பல்லு கிட்டுது” என்று கத்தினார். ஏழேகால் மணிக்குச் சூரியன் தெரிந்தது. அரியலூர் ஸ்டேஷனிலேயே வெயில் வரும்வரை நான் உட்கார்ந்திருக்கலாம். ஹீட்டர் இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னதால்தான் இருட்டில் புறப்பட்டேன். ஹீட்டர் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பெரம்பலூரில் என் வீட்டில் கவிழ்த்த கூடைக்குள், பக்கத்து வீட்டுப் பெண் ஏற்றிவைத்த அரிக்கேன் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய், பழைய கூடை, மேலே ஒரு கோணி. அது செய்ய வேண்டியதைச் செய்தது. அரை மணியில் குஞ்சுகள் பிரிந்து நின்று தண்ணீர் குடித்தன. ஒன்பது குஞ்சுகள் பெட்டியிலேயே கிடந்தன.

அவற்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சோமசுந்தரம் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார்.

“வாங்க டீச்சரம்மா. ஹீட்டர் எப்படி? வேர்த்துச்சா?”

“தெர்மாஸ்டாட் எங்கே?”

சிரித்துக்கொண்டே பழைய போல்ட்டுகள் கிடந்த டப்பாவைக் காட்டினார். “அது எதுக்கு உங்களுக்கு? நம்ம ஊருக்கு ஆவாத சாமான்.”

தேடி எடுத்தேன். பித்தளை, உள்ளங்கை அளவு, வாய் இறுக மூடியிருந்தது. அதை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

“அடடா, டீத்தண்ணிம்மா!”

“பாருங்க.”

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அது மெதுவாக வாயைத் திறந்தது. கரண்டியால் வெளியே எடுத்து வைத்தேன். ஆற ஆற மூடிக்கொண்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் சோமசுந்தரம், தன்னை மறந்து.

காகிதத்தைப் பிரித்து அடுப்பின் பக்கத்தில் வைத்தேன்.

“இதுங்களும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.