எங்கிட்டு இருக்கான்?

ஜுபைர் சரக்குக் கப்பலில் ஏறிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு கடைக்கு மேல் இருந்த மாடி வீட்டில், அவன் மனைவி உம்மு ஹபீபா கோவைக் கம்பெனி ஒன்றுக்கு மொபைல் ஆப் எழுதிக்கொண்டிருந்தாள். மாமியார் மரியம் பீவி பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு வந்து தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"எம் மகன் இப்ப எங்கிட்டும்மா இருக்கான்?"

அவள் மேப்பைக் காட்டினாள். நீலமாகக் கிடந்த கடலைப் பார்த்து மாமி உதட்டைப் பிதுக்கினார். "இது எனக்கு வெளங்கலை. எந்தப் பக்கம் திரும்பி நின்னா அவன் இருக்கான்? அதச் சொல்லு, போதும்."

ஹபீபாவுக்குள்ளும் அதே கேள்விதான் கிடந்தது. வாய்விட்டுக் கேட்க ஆளில்லை.

கம்பெனி வேலை முடிந்த நேரங்களில் தனக்கென ஒரு ஆப் எழுதத் தொடங்கினாள். திரையில் ஒரே ஒரு அம்பு. ஜுபைர் கடைசியாக அனுப்பிய இடத்தைப் பார்த்து அது திரும்ப வேண்டும். முதல் நாள் அம்பு கண்ட பக்கமெல்லாம் காட்டியது. கோணத்தை ரேடியன் என்ற அளவில் கேட்ட கட்டளைக்கு டிகிரியில் கொடுத்திருந்தாள். அதைத் திருத்தியதும் தென்மேற்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைக் காட்டி நின்றது.

போனை மாமியின் கையில் கொடுத்தாள். அவர் ஆசையாக மெல்லத் திரும்பினார். திடீரென அம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

"யா அல்லாஹ்! கப்பல் சுழியில மாட்டிக்கிச்சா?"

"இல்ல மாமி, எங்கணக்குத்தான் தப்பு. முந்நூத்தறுபது டிகிரி வட்டத்துல முந்நூத்தம்பதுலேருந்து பத்துக்குப் போக இருபது டிகிரி முன்னால போனாப் போதும். இது பின்னால திரும்பி ஊரெல்லாம் சுத்திட்டு வருது."

குறுக்கு வழியே போகும்படி இரண்டு வரி சேர்த்தாள். அதன் பிறகு அம்பு அலையவில்லை. மாமி தினமும் ஜன்னலில் அந்தப் பக்கம் பார்த்து நின்றார்.

பத்தொன்பது நாள் கழித்து ஜுபைரிடமிருந்து செய்தி வந்தது. கப்பல் பிரேசிலில். அவன் இடத்துக்கு மாற்று ஆள் வரவில்லை. ஊர் திரும்ப இன்னும் நாலு மாதம்.

புது இடத்தை ஆப்பில் பதிவு செய்தாள். அவன் ஒரு கடலையே தாண்டியிருந்தான். அம்போ இரண்டு விரலளவுதான் நகர்ந்தது.

"வெரசா வந்துருவான்" என்று அம்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார். ஹபீபா ஜன்னலிலேயே நின்றாள். பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி எதிர்மலையை மூடியது. ஆப் எழுதியதை அவனிடம் இதுவரை சொன்னதில்லை. அம்பைப் படம் பிடித்து, "நாங்க உங்களப் பாத்துத்தான் நிக்கிறோம்" என்று எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.