தூங்குமூஞ்சி ஹார்ட் டிஸ்க்

இரண்டு வாரம் முன்பு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் மனைவி ஜெஸ்ஸி கம்ப்யூட்டரில் தன் அப்பாவின் பாட்டைப் போட்டாள். போட்டாள் என்றால்... மவுஸைத் தட்டினாள். பாட்டு வரவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. பத்து விநாடி கழித்து டப்பாவுக்குள்ளிருந்து 'க்ர்ர்ர்' என்று ஒரு முனகல். பிறகுதான் மாமனார் பாட ஆரம்பித்தார்.

அந்தப் பத்து விநாடியில் ஜெஸ்ஸியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

காரணம் இருக்கிறது. மாமனார் ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் காலமெல்லாம் பாடியவர். இறந்து நாலு வருஷமாகிறது. அவர் குரல் இருந்த ஒரே கேசட்டைப் போன வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றிய மறுமாதமே டேப் ரெக்கார்டர் அந்த கேசட்டை மென்று துப்பிவிட்டது. ஃப்ளாப்பியில் அது அடங்காது. சிடி எழுதும் வசதி என் கம்ப்யூட்டரில் இல்லை. ஆக, அந்த மனிதரின் குரல் உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் — என் மேஜைக்கு அடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்.

அதுதான் அடிக்கடி நின்று நின்று போகிறது!

கீபோர்டிலிருந்து கொஞ்ச நேரம் கையை எடுத்தால் போதும். உள்ளே சுற்றுகிற சத்தம் மெல்ல இறங்கி அடங்கிவிடும். பத்திரிகைக்குப் பத்தி எழுதும்போது யோசிக்கக்கூட விடாது.

"நீங்க எழுதறதைப் படிச்சா அதுக்கும் தூக்கம் வருது போல" என்று முதலில் கிண்டல் செய்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? தெருவில் எனக்குக் 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயராயிற்றே! வைரஸ் தேடினேன். இல்லை. மூடியைக் கழற்றி ஒயர்களை அழுத்தினேன். பழைய டூத் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். வாசலில் போகிற கன்டெய்னர் லாரிகளின் அதிர்வாக இருக்குமோ என்று டப்பாவுக்கு அடியில் தலையணை வைத்தேன். இன்னும் சுகமாகத் தூங்கியது.

கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கின கடைக்குப் போன் போட்டேன். "டிஸ்க் போகப் போகுது சார். புதுசு மாத்திடலாம். உள்ள இருக்கறது திரும்ப வருமான்னு சொல்ல முடியாது" என்றார்கள்.

அன்றைக்கு ஜெஸ்ஸி சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்தார், கீழ் வீட்டு ஆரோக்கியம். துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியன். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மனுஷன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பாவில் காதை வைத்தார். கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டார். சத்தம் நின்றது. என்னை மவுஸைத் தட்டச் சொன்னார். மறுபடியும் காது, மறுபடியும் வாட்ச்.

"மூணு நிமிசம் சார். அப்பவும் மூணு, இப்பவும் மூணு. சாவப்போற மோட்டாரு கடியாரம் பாத்துகினா நிக்கும்? யாரோ நிக்கச் சொல்லிகீறாங்க."

"யாருண்ணே சொல்லியிருப்பாங்க?" என்றாள் ஜெஸ்ஸி.

மெதுவாகக் கன்ட்ரோல் பேனலைத் திறந்தேன். அதில் மின்சாரச் சிக்கனத்துக்கென்று ஒரு பகுதி. உள்ளே பார்த்தால் — மூன்று நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க்கை நிறுத்து என்று உத்தரவு!

போட்டது யார்? அடியேன்தான். 'டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்தால் ஆயுள் கூடும்' என்று ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்துவிட்டு, மாமனார் குரல் நீடித்து வாழட்டுமே என்று நானே செய்த நல்ல காரியம். செய்ததோடு மறந்தும் போனேன்.

ஒருபோதும் நிறுத்தாதே என்று மாற்றினேன். மூன்று பேரும் மூச்சு விடாமல் காத்திருந்தோம். நாலு நிமிடம்... ஐந்து நிமிடம்... சத்தம் நிற்கவில்லை.

"யாருங்க அப்படி வெச்சது?" என்றாள் ஜெஸ்ஸி.

"வைரஸா இருக்கும்..." என்று இழுத்தேன்.

ஆரோக்கியம் என்னையும் என் மூக்குக் கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, வைரஸு கண்ணாடி போட்டுகினு கீது?"

ஒப்புக்கொண்டேன். வேறு வழி? ஜெஸ்ஸி பாட்டைப் போட்டு, முழுசாகக் கேட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து ஆட்டோவில் போய், பிரவுசிங் சென்டரில் இரண்டு சிடி போட்டு வந்தோம். ஒன்று எங்களிடம். இன்னொன்றை ஆரோக்கியத்திடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். என்னிடம் நம்பிக்கை அவ்வளவுதான்!

யோசித்துப் பார்த்தேன். ஒரு பொருள் மக்கர் பண்ணினால் முதலில் பொருளைச் சந்தேகிக்கிறோம். பிறகு தூசியை, லாரியை, வைரஸை. நம்மை நாமே சந்தேகிப்பது எப்போது? கீழ் வீட்டுக்காரர் வாட்சைக் கழற்றும்போதுதான்.

நேற்று காபியை நீட்டியபடி ஜெஸ்ஸி நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு நல்லதுன்னு நெனச்சு வேற ஏதாச்சும் செஞ்சு வெச்சுட்டு மறந்திருந்தீங்கன்னா... இப்பவே சொல்லிடுங்க."

யோசித்துக்கொண்டிருக்கிறேன்!